திருட்டு கேமுக்கு வாசல் திறந்தது ஹோம்ப்ரூவா?

கையடக்க கேம் கன்சோல்களில் ரசிகர்கள் தாங்களே எழுதி ஓட்டும் மென்பொருளுக்கு ஹோம்ப்ரூ என்று பெயர். தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்காது. எனவே அது ஓட, கன்சோலின் பாதுகாப்பில் ஓர் ஓட்டை கிடைத்தாக வேண்டும். இதை வைத்துத்தான் பல ஆண்டுகளாக ஒரு வாதம் ஓடுகிறது: ஹோம்ப்ரூ வெறும் சாக்கு, திருட்டு கேம் உள்ளே வருவது அதன் வழியாகத்தான், இரண்டையும் சேர்த்தே அடைக்க வேண்டும். நிண்டெண்டோ 3டிஎஸ் கன்சோலின் வரலாற்றை அறிந்த எவராலும் இதை ஏற்க முடியாது.

முதலில் வந்தது எது? 3டிஎஸ் 2011-இல் வெளியானது. நகலெடுத்த கேமை மைக்ரோ எஸ்டி கார்டில் போட்டு ஆட உதவும் கேட்வே கார்டு 2013-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஹோம்ப்ரூவைப் பரவலாக்கிய நின்ஜாக்ஸ் வந்ததோ 2014 நவம்பரில். திருட்டு வியாபாரிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. காசு கிடைக்கும் இடத்துக்குத் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள்.

ஒரு ஓட்டை விழுந்தால் எல்லாம் போனதுதானே என்பார்கள். அப்படியல்ல. க்யூபிக் நின்ஜா என்ற கேமில், ஆடுபவர் தானே அமைத்த கட்டத்தை க்யூஆர் கோடாக மாற்றிப் பிறருக்குக் கொடுக்கலாம். அந்தக் கோடில் வரும் தரவை கேம் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. அதற்கெனத் தயாரித்த ஒரு கோடை கேமரா முன் காட்டினால், கேம் இருந்த இடத்தில் ஹோம்ப்ரூ மெனு வந்து நிற்கும். நின்ஜாக்ஸின் வேலை அவ்வளவுதான். திருட்டு கேமை நிறுவும் அளவுக்கு அதற்கு அதிகாரம் இல்லை. அதற்கு இயங்குதளத்தின் ஆழத்தில் நடக்கும் கையொப்பச் சோதனையையே முறியடிக்க வேண்டும். அதற்கான ஓட்டைகளைப் பிற்பாடு வேறு சிலர் கண்டுபிடித்து இதனோடு இணைத்தார்கள் என்பது உண்மை. அந்தப் பழியை முதல் கருவியின் தலையில் கட்டுவது அநியாயம்.

கன்சோலின் பூட்டு திருடனை மட்டும் தடுத்திருந்தால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஜப்பானில் முழு விலை கொடுத்து வாங்கிய 3டிஎஸ் கேட்ரிட்ஜ் அமெரிக்க கன்சோலில் ஓடாது. ஹோம்ப்ரூ இருந்தால் ஓடும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேமிப்பு கேட்ரிட்ஜுக்குள் இருக்கும். நிண்டெண்டோ கொடுத்த காப்பு வசதியோ டவுன்லோடு செய்த கேம்களுக்கு மட்டும். கேட்ரிட்ஜ் தொலைந்தால் உழைப்பும் தொலையும். அந்தச் சேமிப்புக்கு மாற்று நகல் எடுக்க வழி தந்ததும் ஹோம்ப்ரூ கருவிகள்தாம்.

ஆர்4 கார்டைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். டிஎஸ் கன்சோலுக்கான அந்தக் கார்டை ஹோம்ப்ரூ பெயரைச் சொல்லி விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் திருட்டு கேமுக்காகவே வாங்கினார்கள். நிண்டெண்டோவும் 54 மென்பொருள் நிறுவனங்களும் தொடுத்த வழக்கில் டோக்கியோ நீதிமன்றம் 2009-இல் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது சரியே. கேம் எழுதுபவனின் கூலியை அபகரித்து லாபம் பார்த்தவர்கள் அந்தக் கார்டை விற்றவர்கள். இலவசமாக நிரல் எழுதிப் பகிர்ந்தவர்களை அந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது.

2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ்ஸின் இணையக் கடை விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் வெளியான 3டிஎஸ் கேமை நிண்டெண்டோவிடமிருந்து அந்தக் கன்சோலுக்கு இனி வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர் அதைத் தன்னிடம் பத்திரமாக எடுத்து வைக்கவும் ஹோம்ப்ரூவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இதையும் திருட்டு என்பவர்கள், இதனால் குறைந்துபோன விற்பனை எது என்று காட்டட்டும்.