குகையில் சிரித்த ஃபராமிர்

நூலில் நாம் நேசித்த பாத்திரம் திரைக்கு வரும்போது உடையும் உருவமும் மாறியிருந்தால் சில நிமிஷங்களில் மனம் இசைந்துவிடுகிறது. அவனை அவனாக ஆக்கிய குணமே மாறியிருந்தாலோ, பழைய சிநேகிதனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்து அமர்ந்ததுபோன்ற வேதனை நெஞ்சில் தங்கிவிடுகிறது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நெடுங்கதையின் இரண்டாம் பாகத்தைப் பீட்டர் ஜாக்ஸன் 2002-இல் படமாகத் தந்தபோது, ஃபராமிரைக் கண்டு எனக்கு உண்டான வேதனை அத்தகையது.

கோண்டோர் நாட்டை ஆளும் டெனத்தோரின் இளைய குமாரன் ஃபராமிர். அவனுடைய தமையன் போரோமிர், பகைவனை வெல்லும் ஆயுதமென்று மயங்கி, கதைநாயகன் ஃப்ரோடோ சுமந்து செல்லும் மோதிரத்தைப் பலவந்தமாகப் பறிக்க முயன்று, பின் அதற்காக மனம் வெதும்பி மாண்டவன். அந்தத் துக்கம் ஆறாத நிலையில்தான், இத்திலியன் வனத்தில், அருவிக்குப் பின்னுள்ள குகையில், ஃப்ரோடோவையும் அவன் தோழன் ஸாமையும் ஃபராமிர் விசாரிக்கிறான். ஸாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றிச் சொல்லிவிட்ட க்ஷணத்தில், ஃபராமிர் நெடிதுயர்ந்து எழுந்து நிற்க, எளியவர் இருவரும் சுவரோரம் ஒண்டி வாட்பிடியைத் தடவ, அங்கிருந்த வீரர்களெல்லாம் பேச்சை நிறுத்தித் திகைத்து நோக்க, என்ன நேருமோ என்று நாம் மூச்சடக்கியிருக்கையில், அவன் மறுபடி ஆசனத்தில் அமர்ந்து மெல்லச் சிரிக்கிறான். மோதிரத்தின் வடிவில் கையெட்டும் தூரத்தில் வந்து நின்ற சர்வாதிகாரத்தை ஒருவன் துறந்தான் என்று காட்ட, ஆசிரியருக்கு வேறு ஆர்ப்பாட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

படத்திலோ அவன் மோதிரத்தைத் தந்தையிடம் சேர்ப்பிக்க நிச்சயித்து, இருவரையும் கைதிகளாக ஆஸ்கிலியாத் நகரம்வரை இழுத்துச் சென்று, போரின் நடுவே ஸாமின் வார்த்தைகளைக் கேட்ட பின்னரே விடுவிக்கிறான். எவரையும் மயக்கும் மோதிரம் ஒருவனை மட்டும் மயக்காது போனால் அதன் சக்தியில் பார்ப்பவருக்கு நம்பிக்கை குன்றிவிடும் என்பது திரைக்கதை எழுதியோரின் வாதம். ராட்சசச் சிலந்தியோடு நிகழும் போராட்டத்தை 2003-இல் வந்த மூன்றாம் படத்துக்கு ஒத்திவைத்ததால் இரண்டாம் படத்துக்கு வேறொரு உச்சக் கட்டமும் வேண்டியிருந்தது. பின்னது தொழிலின் நிர்ப்பந்தம். அதை நான் மறுக்கவில்லை. நூலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முதற்படம் அறவே விட்டுவிட்டதற்கும் நான் வருந்தியதில்லை. முன்னதைத்தான் ஏற்க இயலவில்லை. ஏனெனில் அதே முதற்படத்தில், தன்முன் நீட்டப்பட்ட மோதிரத்தை ஃப்ரோடோவின் விரல்களுக்குள்ளேயே மூடி அவனை வழியனுப்புகிறான் உடன்வந்த வீரன் அரகோர்ன், அதனால் மோதிரத்தின் பயங்கரம் அணுவளவும் குறையவில்லை.

டோல்கீன் 1944-இல், போர்ப்பணியில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஃபராமிரைத் தாம் கற்பித்துக்கொள்ளவில்லை, அவனே இத்திலியன் வனத்துக்குள் நடந்து வந்துவிட்டான் என்று குறிப்பிட்டார். பிற்காலத்தில், தம் பாத்திரங்களுள் தம்மை ஒத்தவன் எவனேனும் உண்டெனில் அவன் ஃபராமிரே என்றும் எழுதினார். 1916-இல் ஸொம் போர்க்களத்தில் நின்று, நெருங்கிய நண்பர்களை யுத்தத்துக்குப் பறிகொடுத்த ஒருவர், போரின் புகழை விரும்பாத அந்த வீரனிடம் தம் சுபாவத்தைக் கண்டதில் வியப்பில்லை. படத்தில் ஃபராமிராக வந்த டேவிட் வென்ஹாம், தந்தையன்பு கிட்டாத மகனின் சோகத்தை அவ்வேடத்தில் உருக்கமாகவே நடித்தார். எழுந்து நின்றவன் மறுபடி அமர்ந்து சிரிக்கும் அந்தச் சிரிப்பை நடிக்க மட்டும் அவருக்கு இடம் தரப்படவில்லை.