பாஸ்போர்ட்டில் சாதி இல்லை, பயணத்தில் இருக்கிறது

வெளிநாட்டுக்குப் போய்விட்டால் சாதி பின்தொடராது என்ற நம்பிக்கை நம் இளைஞர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்தத் தெரு என்று கேட்டே ஆளை எடைபோடும் ஊரிலிருந்து ஒருவர் வெளியேற நினைப்பதை யார் குறை சொல்ல முடியும்? கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். எனவே "போகாதீர்கள்" என்று சொல்ல இதை எழுதவில்லை. விமானம் ஏறும் முன் ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். போய் இறங்கிய பிறகு உங்கள் கடன், விசா, வீடு, வேலை ஆகிய நான்கும் யார் கையில் இருக்கப் போகின்றன?

சாதி என்பது வசவுச் சொல்லும் தனிக் குவளையும் மட்டுமல்ல. ஒருவர் இன்னொருவரை அண்டியே பிழைக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கி, அதைத் தலைமுறை தலைமுறையாக நீட்டிக்கிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு கடல் தாண்டும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் நிலமற்ற தலித் மக்கள். பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கடன் எழுதப்பட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள தொகையை அடைக்காமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டால், ஆளோடு கடனும் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. பண்ணையாரிடமிருந்து தப்பித்தோம் என்று நினைத்தவர்களைக் கங்காணியின் கணக்குப் புத்தகம் கட்டிப்போட்டது.

அம்பேத்கரின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் அந்தப் பணியில் சேர வந்தவருக்கு நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நியூயார்க்கும் லண்டனும் தராத அவமானத்தைச் சொந்த நாடு தந்தது. வெளிநாட்டுப் படிப்பு அவருக்கு ஆயுதமானது உண்மை. ஆனால் தங்குமிடம் அடுத்தவர் கையில் இருக்கும்வரை எந்தப் பட்டமும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

இன்றைய துண்டு எது? முதலில், கல்விக் கடன். பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் கேட்டால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். தலைமுறையாக நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை பத்திரத்தை வைத்துக் குறைந்த வட்டியில் போகிறார். நிலம் மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தனியார் நிதி நிறுவனத்தின் கூடுதல் வட்டியில் போகிறார். இருவரும் ஒரே வகுப்பறையில்தான் உட்காருகிறார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் பிடித்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்கலாம். மற்றவர் கிடைத்த வேலையில், கிடைத்த முதலாளியிடம் மாட்டிக்கொள்கிறார். 'தகுதி' என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு அடமானப் பத்திரத்துக்குச் சொந்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் உதவித்தொகைகளைத் தேடுங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். மொத்த இடங்கள் நாடு முழுமைக்கும் 125 மட்டுமே. அதிலும் 2022இல் கொண்டுவந்த விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த தலைப்புகளில் ஆய்வு செய்வோரை விலக்கிவிட்டது. சாதியை ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு எதிராகவே போடப்பட்ட பூட்டு அது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. பல்கலைக்கழகங்களே தரும் நிதியும் உண்டு. விண்ணப்பிக்கும் வேலையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது, விசா. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், புதிய வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான். மேலாளர் சாதி பார்க்கிறார் என்று புகார் கொடுக்க நினைப்பவரின் கண்முன் முதலில் நிற்பது அந்த 60 நாள்தான். அந்த மேலாளரும் இந்தியராக இருந்தால் உங்கள் ஊர்ப்பெயரும் உணவும் இட ஒதுக்கீடும் அவருக்குப் புரிகிற மொழி. சிஸ்கோ நிறுவனத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்டது இதுதான். ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதைச் சக ஊழியர்களிடம் மேலாளர் சொன்னார் என்ற குற்றச்சாட்டோடு 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு அப்போது தொடர்ந்தது.

மூன்றாவது, சட்டம். நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்திய எல்லையோடு நின்றுவிடும். போகும் நாட்டின் சட்டத்தில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் வழி செய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. சட்டத்தில் பெயர் இல்லாத இடத்தில், பாதிக்கப்பட்டவர் முதலில் சாதி என்றால் என்ன என்று நீதிமன்றத்துக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகும் நம் அண்ணன் தம்பிகளுக்கு இன்றும் கங்காணி இருக்கிறார். அவர் பெயர் ஏஜென்ட். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக் கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். அவர் பதிவு பெற்றவரா என்பதை ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் வருகிறது. "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவர் இந்தப் பாதுகாப்பு அத்தனையையும் பறிக்கிறார். ஒப்பந்தத்தின் நகலையும் பாஸ்போர்ட்டின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நான்காவது, வட்டம். புது ஊரில் முதல் அறை, முதல் வேலைக்கான சிபாரிசு, முதல் பொங்கல் விழா எல்லாம் நம்மூர்க்காரர்கள் வழியாகவே கிடைக்கும். அந்த வட்டத்தில் சாதிச் சங்கங்களும் சாதிவாரி வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. அதனால் தனித்துப் போய்விடாதீர்கள். அம்பேத்கர் அசோசியேஷன் ஆஃப் நார்த் அமெரிக்கா, ஈக்வாலிட்டி லேப்ஸ் போன்ற அமைப்புகளை இங்கிருந்தே தொடர்பு கொள்ளுங்கள். கறுப்பின மாணவர் அமைப்புகளோடும் தொழிற்சங்கங்களோடும் உறவு வையுங்கள். சாதியைச் சொல்வதா மறைப்பதா என்பது முழுக்க உங்கள் முடிவு. அதை உங்களிடமிருந்து கேட்டு வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆதிக்கச் சாதியில் பிறந்து முற்போக்கு பேசும் தோழர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. அங்கே வெள்ளை நிறவெறியை எதிர்த்து ஊர்வலம் போகும் நீங்கள், அறை நண்பர் தேடும்போது 'சைவம் மட்டும்' என்று போடுகிறீர்களா? உங்களுக்குப் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க ஊரில் நடக்கும் சாதித் தேடலைத் தடுக்கிறீர்களா? உங்கள் அலுவலகத்தில் சாதி எதிர்ப்பு விதி வேண்டும் என்று நீங்கள் எழுந்து கேட்டால், வேலை போகும் அச்சத்தில் இருக்கும் ஒருவர் கேட்க வேண்டிய தேவை இருக்காது. ஊரில் பெற்ற சலுகையை அங்கே கைவிட உங்களுக்கு விசா தேவையில்லை.

போங்கள் தோழர்களே. படியுங்கள், சம்பாதியுங்கள், உலகத்தைப் பாருங்கள். ஆனால் கடனைக் கணக்குப் பார்த்து, ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்து, சட்டத்தைத் தெரிந்துகொண்டு, நம்மவர்களின் முகவரியோடு போங்கள். சியாட்டிலில் வந்த தடை தானாக வந்துவிடவில்லை. அங்கே குடியேறிய அம்பேத்கரியர்கள் கூட்டாகக் கேட்டதால் வந்தது. அடுத்து உங்கள் நகரத்தில் அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.