அமானிதம் காக்கும் இளைய கரங்கள்

உடல் என்பது இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என நம் பெரியோர் வழிவழியாகக் கூறி வருகின்றனர். பிறக்கும்போது பெற்ற உறுப்பே அமானிதம் எனின், பிறர் ஈந்த உறுப்பு இரட்டை அமானிதம் அன்றோ? தாயோ, தந்தையோ, முன்பின் அறியாத ஒருவரோ ஈந்த சிறுநீரகத்தைத் தாங்கி வாழும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இன்று நம்மிடையே உள்ளனர். அந்த அமானிதத்தை நாள்தோறும் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சந்தவாசல் வட்டாரத்தார்க்கு இம்மருத்துவம் எட்டாத் தொலைவுச் செய்தி அன்று. 1954ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர், உருவொத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டனர். பின்னர் 1971இல், சந்தவாசல் வழியாகச் செல்லும் சாலை சென்றடையும் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்தது. 2008இல் விபத்தால் மூளைச்சாவுற்ற 15 வயதுச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடையளித்தது தமிழகத்தையே நெகிழச் செய்தது. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு 2023இல் அறிவித்தது. ஈந்தோரைப் போற்றக் கற்றுக்கொண்ட நாம், ஏற்றோர் அதனைக் காக்கும் வழியை எண்ணினோமா?

அறுவை முடிந்ததும் துன்பம் தீர்ந்தது எனப் பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. வந்து சேர்ந்த உறுப்பை உடலின் எதிர்ப்பாற்றல் என்றும் அயலாகவே காணும். அதனை அடக்கிவைக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை அச்சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் உண்ண வேண்டும். பலர்க்கு அது காலையும் மாலையும், 12 மணி நேர இடைவெளியில். அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். மிகுந்தால் அம்மருந்தே சிறுநீரகத்தை வருத்தும். நிராகரிப்போ பல வேளைகளில் வலியின்றித் தொடங்குகிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்ந்த பின்னரே வெளிப்படுகிறது. "இரண்டு நாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்னும் எண்ணம் கொடியதாவது இதனால்தான்.

பதின்பருவத்தின் இறுதியும் இருபதுகளின் தொடக்கமுமே மாற்றுச் சிறுநீரகம் கைநழுவிப் போகும் இடர் மிக்க காலம் என மருத்துவ உலகம் கண்டுள்ளது. காரணம் அறிதற்கு அரிதன்று. ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்புகிறது, பருக்கள் தோன்றுகின்றன, தோழர் கேலி செய்கின்றனர். நேரம் பார்த்து மாத்திரை தந்த தாய் விடுதியில் உடனில்லை. பெற்றோரிலும் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் பிள்ளை கல்லூரி சேரும்வரை எல்லாவற்றையும் தாமே செய்கின்றனர். மற்றொரு சாரார் ஒரே நாளில் கைப்பேசியைத் தந்து, "இனி நீயே பார்த்துக்கொள்" என விலகுகின்றனர்.

ஆரணிப் பகுதியின் தறிவீடுகளில் பிள்ளைக்குத் தொழில் பழக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். முதல் நாளே பட்டுப் பாவை ஒப்படைத்துவிட்டு எழுந்து போவாரும் இல்லை. இறுதிவரை கைதொட விடாதாரும் இல்லை. அருகமர்ந்து, அறுந்த இழையைக் காட்டி, முடிச்சிடக் கற்பித்து, பின்னரே மெல்லக் கையை விலக்குகின்றனர். மருந்துக்கும் அம்முறையே வேண்டும். முதலில் மருந்தின் பெயரும் பயனும் பிள்ளை அறியட்டும். அடுத்து, வாரத்திற்கான மாத்திரைகளைப் பெட்டியில் தானே அடுக்கட்டும். பின்னர், மருத்துவரிடம் தன் நிலையைத் தானே கூறட்டும்.

இங்கேதான் கைப்பேசிச் செயலிகள் துணையாகின்றன. மருந்து வேளையில் ஒலி எழுப்புதல், உண்டதைக் குறித்தல், இரத்த அழுத்தம், உடல் எடை, கிரியேட்டினின் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுதல், சோதனை நாளில் இரத்தம் எடுத்த பின்னரே காலை டாக்ரோலிமஸ் உண்ண வேண்டும் என நினைவூட்டுதல் என அவை பல பணி செய்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் 8 மையங்களில், 11 முதல் 24 வயதினரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. மின்னணு மருந்துப் பெட்டியின் நினைவூட்டலோடு, வழிகாட்டுநர் ஒருவரைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பும் பெற்ற இளையோர், ஏனையோரினும் ஒழுங்காக மருந்துண்டனர். அவ்வாய்வில் கருவியும் மனிதரும் சேர்ந்தே பணிசெய்தமை கருதத்தக்கது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை நிறைவு செய்கையில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். செயலி அந்நான்காமவருக்கு உதவும் கருவியே, அவருக்கு மாற்றாகாது. ஒலிக்கும் மணியை ஒரு விரல் அணைத்துவிடும். "உண்டாயா மகனே?" என்னும் அன்பின் குரலை அணைப்பது எளிதன்று.

நம் கடமைகள் சில உள. வகுப்பில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும் கல்வி நிலையங்கள், இத்தகைய மாணவர்க்கு விலக்களிக்க வேண்டும். குடிநீர் அருந்தவும் வெளியே சென்று வரவும் தடையின்றி இசைய வேண்டும். அவர்தம் நோயைப் பிறர் அறியாவண்ணம் காப்பதும் ஆசிரியர் கடனே. பெண்பிள்ளைகளுக்கு இது மிக இன்றியமையாதது. ஜமாஅத்தார் அறுவைக்கு நிதி திரட்டுவதோடு நில்லாமல், பின்வரும் ஆண்டுகளின் மருந்துச் செலவையும் பயணச் செலவையும் பைத்துல்மாலில் எண்ண வேண்டும்.

ரமலான் குறித்தும் ஒரு சொல். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தது நம் மார்க்கம். ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடைப்பட்ட நேரம் 12 மணியைக் கடக்கும். பகலெல்லாம் நீரின்மையும் சேரும். மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் கலந்தே இப்பிள்ளைகள் முடிவெடுக்க வேண்டும். நோன்பு நோற்காத பிள்ளையை ஏளனமாக நோக்கும் பார்வையைப் பெரியோர் தவிர்ப்பாராக.

தமிழ்த்துறை மாணவர்க்கும் பணி உண்டு. செயலிகள் பலவும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. நெசவாளர் வீட்டுத் தாய்க்கும் மகனுக்கும் ஒருங்கே விளங்கும் தமிழில், மருந்துக் குறிப்புகளையும் எச்சரிக்கைகளையும் மருத்துவர் துணையோடு எழுதித் தரலாம். கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணிகள் பல சிறுநீரகத்தைத் தாக்கும் என்னும் ஒரு வரி தெளிந்த தமிழில் சென்று சேர்ந்தாலும் ஓர் உறுப்பு காக்கப்படும். தமிழ்த்தொண்டு என்பது இதுவும் அன்றோ?

ஈந்தவரின் கொடை வீணாகாமலும், ஏற்ற பிள்ளையின் வாழ்வு தளராமலும் காக்க வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!