கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்



மே மாதம் பிறந்துவிட்டால் அம்மாமார்களுக்கு இரண்டு தலைவலி. ஒன்று கத்திரி வெயில். மற்றொன்று, வீட்டோடு இருக்கும் பிள்ளைகள்! காலையில் கண் விழித்ததும் "அம்மா, போரடிக்குது" என்று ஆரம்பித்தால், இரவு படுக்கும்வரை அதே பாட்டுத்தான். அந்தப் பாட்டை மூன்று நாளைக்காவது மாற்றலாமே என்றுதான் எங்கள் சபையில் கோடைதோறும் வாலிபர் முகாம் நடத்துகிறோம். மூன்று வருஷமாக அந்தப் பொறுப்பு என் தலையில். இந்த இதழில் அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கோயிலுக்குப் போகிறவர்களும், மசூதிக்குப் போகிறவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் உங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றியதும்தான்.

எங்கள் ஊர் வாலாஜாபாத். "ஓ, ராணிப்பேட்டை பக்கமா?" என்று கேட்காத உறவினரே கிடையாது. அது வாலாஜாபேட்டை! ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரை இரண்டு ஊருக்குமே வைத்ததால் வந்த குழப்பம். எங்களுடையது காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாலாறு என்று பேர்தானே தவிர, கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான்.

லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுக்கிற யோசனை புதிதல்ல. 1868-ல் பிரிட்டனில் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர், கடவுளின் அன்பைப் பற்றி மணலில் பெரிய எழுத்தில் எழுதி, விளையாட வந்த பிள்ளைகளைக் கிளிஞ்சலும் பாசியும் வைத்து அதை அலங்கரிக்கச் சொன்னாராம். 1898-ல் நியூயார்க்கில் ஹாஸ் அம்மையார் தெருவில் சுற்றித் திரிந்த குழந்தைகளுக்காக இடம் தேடி அலைந்தார். கடைசியில் அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு பீர் கடையின் கூடம்! அங்கேதான் பாட்டு, வேதாகமக் கதை, விளையாட்டு, கைவேலை எல்லாம் நடந்தன. இன்று நம் ஊர்ப் பக்கத்திலும் பிள்ளைகள் 'வி.பி.எஸ்.' என்று குதித்துக்கொண்டு போகிறார்களே, அந்த விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அதுதான் ஆரம்பம்.

எங்கள் முகாம் அதைவிடச் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை, மூன்று நாள். ஏறக்குறைய நாற்பது பேர் வருவார்கள்.

நான் பொறுப்பு ஏற்பதற்கு முந்தின வருஷம் சமையல் பக்கம் உதவிக்கு நின்றேன். தண்ணீர் ஊற்றி வைப்பதும் என் வேலை. பையன்கள் பக்கம் ஒரு மண்பானை, பெண்கள் பக்கம் ஒரு மண்பானை. பையன்கள் பானை பத்து மணிக்கெல்லாம் காலி. மறுபடி நிரப்பினால் பன்னிரண்டுக்கு மறுபடி காலி. பெண்கள் பானையோ காலையில் ஊற்றினது ஊற்றினபடியே இருக்கிறது! "ஏம்மா, தாகமே எடுக்கலையா?" என்றேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்களே தவிர, பதில் இல்லை.

இரண்டாம் நாள் பகல் பாட்டு நேரத்தில் ஒரு பெண் அப்படியே சரிந்து விழுந்தாள். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விட்டோம். கண் விழித்து உட்கார்ந்த பிறகுதான் வாயில் தண்ணீர் கொடுத்தோம். (மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.) பிறகு மெல்லச் சொன்னாள்: "காலையிலிருந்து தண்ணியே குடிக்கலைக்கா. குடிச்சா பாத்ரூம் போவணும். அங்க கதவுக்குத் தாப்பாள் இல்ல."

அவ்வளவுதான் விஷயம். பக்திக் குறைவும் இல்லை, பலவீனமும் இல்லை. ஒரு தாழ்ப்பாள்!

அடுத்த வருஷம் பொறுப்பை ஏற்கச் சொன்னபோது, "முதலில் கழிப்பறை, அப்புறம் பாட்டுப் புத்தகம்" என்று சொல்லிவிட்டேன். "மூணு நாளைக்கு இதெல்லாம் ஒரு செலவா?" என்று மூப்பர் ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் வீடு வீடாகப் பெயர் சேர்க்கப் போனபோது நெசவுக்காரத் தெருவில் ஒரு தாய் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "பொட்டப் புள்ளைய அனுப்புறேன். அங்க கக்கூசுக்குக் கதவு இருக்குதா யக்கா?" கூட வந்த மூப்பர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

எல்லா வேலையையும் 1,500 ரூபாய்க்குள் முடித்தோம். நீங்களும் வீட்டிலோ, கல்யாணம், விசேஷம் நடக்கிற இடத்திலோ செய்துகொள்ளலாம்.

தாழ்ப்பாள்: இரும்புக் கடையில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, உட்புறம் கைக்கு எட்டுகிற உயரத்தில் திருகாணி போட்டு முடுக்கினோம். பக்கத்திலேயே துணிப்பை மாட்ட ஒரு கொக்கி. பையைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பிள்ளை எப்படித் திண்டாடும் என்று ஆண்களுக்குத் தெரியாது!

மறைப்பு: கதவு இருந்தால் மட்டும் போதாது. யார் போகிறார்கள், வருகிறார்கள் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. நான்கு சவுக்குக் கம்பு நட்டு, கீற்றுத் தட்டி கட்டினோம். தட்டி கிடைக்காவிட்டால் பழைய கெட்டிப் புடவை இரண்டாக மடித்துப் போதும்.

கை கழுவ: ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சுத்தமாகக் கழுவி, அடிப்பக்கம் பழுக்கக் காய்ச்சின ஆணியால் ஒரு ஓட்டை. தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கினால் ஒழுகாது. மூடியைத் தளர்த்தினால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் கொட்டும். பக்கத்தில் பழைய வலைப்பையில் சோப்பைப் போட்டுத் தொங்கவிட்டால் தரையில் விழாது.

சுருக்குப் பை: இது என் மாமியார் கைங்கரியம். ரவிக்கைத் துணி மிச்சத்தில் இருபது பைகள் தைத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு நாப்கின், மடித்த செய்தித்தாள், சின்ன சோப்பு. கொக்கியில் இரண்டு பை எப்போதும் தொங்கும். வேண்டியவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கீழே மூடி போட்ட ஒரு வாளி. "எங்க காலத்துல இதையெல்லாம் வாயத் தொறந்து சொல்ல முடியுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தார். ஆனால் இருபதாவது பைக்கு ஜரிகை ஓரம் வைத்ததும் அவர்தான்!

இனி உடம்பு சமாசாரம். வெயிலில் வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போய்விடுகின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, இவையெல்லாம் உடம்பு தண்ணீர் கேட்கிற அடையாளம். சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் குடிக்கிற தண்ணீர் போதும் என்று அர்த்தம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையானது. ஆகையால் கிருமிகள் சுலபமாக உள்ளே ஏறும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கினால் கேட்க வேண்டுமா? எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல் உணர்ச்சி, அடிவயிற்று வலி என்று ஆரம்பிக்கும். குளிர் காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

முகாமில் பதினொரு மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர், மூன்று மணிக்குப் பானகம் அல்லது எலுமிச்சம்பழச் சாறு. வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் மட்டும் அளவு பார்த்துக் கலக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டின டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் ஆபத்து. ஆகவே கண் அளவு வேண்டாம். இதை அலட்சியமாக நினைக்காதீர்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, பங்காவ்ன் என்னும் ஊரில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், உப்பு சர்க்கரைக் கரைசலைத்தான் டிரம்மில் கலந்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

வெயிலில் நின்ற பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வேறு விஷயம். உடனே 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

இன்னொரு கண்டிப்பு: ஆற்றுக்குப் போகக் கூடாது. மணல் அள்ளின பள்ளங்களில் நிற்கும் தண்ணீர் பார்க்க முழங்கால் ஆழமாகத்தான் தெரியும். கால் வைத்தால் ஆளையே முழுங்கிவிடும்.

வீட்டில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? "முகாம் முடியற வரைக்கும் இந்த வீட்ல காபி கிடைக்குமா, கிடைக்காதா?" என்று என் கணவர் கேட்டார். "பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது, டிகாஷன் போட உங்களுக்கும் கை இருக்கிறது" என்றேன். மூன்றாம் நாள் எனக்கும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தார். சற்றுத் தண்ணிக் காபிதான். இருந்தாலும் குறை சொல்லலாமா? ஒன்பதாவது படிக்கிற என் பையனுக்கு முகாமில் கழிப்பறைத் தொட்டி நிரப்புகிற வேலை. "நான் ஏன்?" என்று முதல் நாள் முறைத்தான். "நீ குடிச்ச தண்ணிய அவங்களும் குடிக்கணும்ல, அதான்" என்று அவன் அக்காவே பதில் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷ வேதபாடம், கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணின் கதை. "உச்சி வெயிலில், தனியாக, ஏன் தண்ணீர் எடுக்க வந்தாள்?" என்று கேட்டேன். பையன்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உடனே குரல் வந்தது: "மத்தவங்க கண்ணுல படாம இருக்கத்தான்!" எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் கதை எனக்கே புதிதாகப் புரிந்தது.

அன்று பெண்கள் பக்கத்துப் பானையை மூன்று முறை நிரப்பினோம்.

சகோதரிகளே, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வரப்போகிறது. உங்கள் மகள் சாயந்தரம் திரும்பி வந்ததும் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். கொண்டுபோன தண்ணீர் அப்படியே இருந்தால் திட்டாதீர்கள். "ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்கும்மா? கதவு சாத்துதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் சரியில்லை என்றால், நான்கு தாய்மார்களாகச் சேர்ந்து போய்த் தலைமை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் புகார். நான்கு பேர் சொன்னால் கோரிக்கை. தேவைப்பட்டால் போகும்போதே ஒரு தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் வாங்கிக்கொண்டு போங்கள்!