மழையில் நிற்கும் மனிதனை வரைந்தால் உண்மை தெரியுமா?

2015இல் ஹங்கேரியில் புகலிடம் கேட்ட நைஜீரியர் ஒருவர், தன்பாலீர்ப்பாளரான தனக்கு ஊர் திரும்பினால் ஆபத்து என்றார். அவருடைய வாக்குமூலத்தில் பெரிய முரண்பாடு எதையும் அதிகாரிகள் காணவில்லை. ஆனாலும் உளவியலாளரிடம் அனுப்பினார்கள். மழையில் நிற்கும் ஒருவரை வரையச் சொன்னார்கள். மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். அவர் சொன்னதைச் சோதனை உறுதிப்படுத்தவில்லை என்று அறிக்கை வந்தது, கோரிக்கை தள்ளுபடியானது. ஒருவரின் பாலீர்ப்பைத் தீர்மானிக்க இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பாவில் புகலிட விசாரணைக்கு முகங்கொடுத்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் குறைவு. ஆகவே இது யாரோ ஒருவருடைய வழக்கு அல்ல.

கேள்வித்தாள் வகைச் சோதனைகள் மைக்கறையைவிட மேல் என்பது உண்மைதான். அவற்றில் மிகப் பிரபலமானது 1943இல் அமெரிக்காவில் வெளியான மினசோட்டா ஆளுமைச் சோதனை. அதில் ‘இயல்பான மனிதர்’ என்பதற்கு முதலில் அளவுகோலானவர்கள், பெரும்பாலும் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளரைப் பார்க்க வந்தவர்கள். 1989இல் திருத்தினார்கள், அப்போதும் அளவுகோல் அமெரிக்கர்தான். யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்பவருக்கு அதில் சந்தேக நோயின் பக்கம் புள்ளி ஏறும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் உட்காரத் தொடங்கிய தாய்மாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். புலனாய்வாளர் படம் எடுப்பதும் வீடு தேடி வந்து விசாரிப்பதும் அவர்களுக்கு நோயின் அறிகுறியா, அன்றாடமா?

நீதிபதி முகத்தைப் பார்த்து எடைபோடுவதைவிட இத்தகைய சோதனை மேல் அல்லவா என்று கேட்பார்கள். முகக்குறியை நம்புவதும் ஆபத்துத்தான். ஆனால் அது ஊகம் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணாக வரும் ஊகமோ அளவீடு என்ற பெயரில் நின்றுவிடும். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நூற்றுக்கு மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோவைகளைக் கொடுத்து, சிலரை வழக்குத்தொடுநர் தரப்பு அமர்த்தியதாகவும் மற்றவர்களை எதிரி தரப்பு அமர்த்தியதாகவும் நம்பவைத்தார்கள். ஈவிரக்கமற்ற ஆளுமையை அளக்கும் பட்டியலில் புள்ளிகள் அமர்த்திய பக்கமே சாய்ந்தன. 2019இல் 364 உளவியல் கருவிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 40 சதவீதத்துக்கே துறைசார் மதிப்பீடுகளில் நல்ல பெயர் இருந்தது. நீதிமன்றத்தில் அவை எதிர்க்கப்பட்டதோ சுமார் 5 சதவீத வழக்குகளில்.

அப்படியானால் சித்திரவதைக்கு உள்ளானவரின் உளநல அறிக்கையையும் தள்ளிவிடுவதா? இல்லை. இலங்கைத் தமிழர் ஒருவரின் புகலிட வழக்கில், தழும்புகள் எப்படி ஏற்பட்டிருக்கும் என்பதிலும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்று 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் பேசுவது காயத்தையும் நோயையும் பற்றி. ஆளுமைச் சோதனை பேசுவது ஆள் எப்பேர்ப்பட்டவர் என்பதை. எமது இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, எதிரி தன் நன்னடத்தையை முன்வைக்காதவரை அவருடைய தீய நடத்தை குற்ற வழக்குக்குப் பொருந்தாது. அதே தீய நடத்தை, 45ஆம் பிரிவின் நிபுணர் கருத்து என்ற வாசலால் புள்ளிகளாக உள்ளே வரக்கூடாது. வந்தால், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நிற்கும் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் முதலில் கேட்க வேண்டியவை: இந்தச் சோதனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது யார், எந்தத் தமிழரிடம் சரிபார்த்தார்கள், அவர்களில் போரைக் கடந்தவர்கள் எத்தனை பேர்?