குடிகாரன் வீடு எங்கே?

நம் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் குடியை விடச் சொல்லி யாருக்காவது புத்திமதி சொல்லாத பெரியவர் இருக்கமாட்டார். கேட்பவனும் தலையாட்டுவான். சாயந்திரமானால் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். அவன் நம்மை ஏமாற்றினான் என்று நான் நினைப்பதில்லை. தலையாட்டியது மனதின் ஒரு மட்டம், நடந்து போனது வேறொரு மட்டம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்த விஷயத்தில் ஃப்ராய்டைவிட பியேர் ழானே எனக்கு நெருக்கம். பள்ளியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே மனநோயாளிகளை ஆராய்ந்து, 1889-ல் மனம் தானாக இயங்குவதைப் பற்றி நூல் எழுதியவர். பழகிப்போன செயல்கள் கீழ் மட்டத்தில் தாமாகவே ஓடும்; புதிதாக யோசித்து முடிவெடுப்பது மேல் மட்டம். களைப்போ துக்கமோ வந்தால் ‘நிவோ மாந்தால்’, அதாவது மன மட்டம், இறங்கிவிடும் என்பார். எட்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு வருகிறவனிடம் நாம் காலையில் சொன்னது எங்கே நிற்கும்?

சரி, கடையை மூடினால்? அதையும் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகப் பூட்டிய டாஸ்மாக் கடைகள் சென்னையில் ஆகஸ்ட் 18-ல்தான் திறந்தன. கிட்டத்தட்ட ஐந்து மாதம். (நடுவில் வெளி மாவட்டத்துக்கு வண்டி விட்டவர்கள் கதை தனி.) திறந்த அன்றைக்கே வரிசை!

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970-களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவுதான். இத்தனைக்கும் ஊரிலும் ஹெராயின் கிடைத்தது. என் கணிப்பில் வித்தியாசம் இதுதான்: சிப்பாய்க்கு இடம், வேலை, கூட்டாளிகள் எல்லாம் மாறின, அங்கே துப்பாக்கி தூக்கியவன் இங்கே ஒருத்திக்குப் புருஷன், ஒரு பிள்ளைக்கு அப்பன். நம் ஆளுக்கு மாறியது கடையின் ஷட்டர் மட்டும். வீட்டில் அதே பட்டம்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 1935-ல் அமெரிக்காவில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களிலோ, ஒருவர் எழுந்து தன்னைக் குடிநோயாளி என்று தானே சொல்லிக்கொள்கிறார். பாவி இல்லை, நோயாளி. கூட இருப்பவர்களும் அதே நோய்க்காரர்கள். புத்திமதி எட்டாத மட்டத்தை இது எட்டுகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் ஒருவர் குடியை விட்டு மூன்று வருஷமாகிறது. சம்பளத்தன்று மனைவி இன்னமும் அவர் சட்டைப்பையைத் துழாவுகிறாள். அவள் பட்ட பாட்டுக்கு அது நியாயம்தான். ஆனால் கூரியர் பையன் வந்து வழி கேட்டால், தெருமுனைக் கடையில் இன்றும் அடையாளம் சொல்வது “குடிகாரன் வீட்டுக்கு எதிர் வீடு” என்றுதான்.