பிள்ளைக்கு மட்டும் பத்தியமா?



மெலிந்த பிள்ளையைக் கண்டால் கவலை, பருத்த பிள்ளையைக் கண்டால் பெருமிதம். இதுவே நம் வீடுகளின் நெடுநாளைய வழக்கம். பஞ்சத்தையும் பட்டினியையும் நேரில் கண்ட நம் முன்னோருக்கு அது பொருந்தியது. இன்று நிலை வேறு. சென்னையில் 51 பள்ளிகளில், 6 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பேர் மிகை எடை உடையவர்களாய் இருந்தனர். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே.

இது பட்டணத்துச் செய்தி என்று போடிநாயக்கனூர் வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். பொழுது விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார், பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புகின்றனர். ஏலக்காய் வியாபாரத்தில் இருப்போருக்கும் நாள் முழுதும் ஓய்வில்லை. வீட்டில் இல்லாத குறையை ஈடுசெய்வதற்காகப் பிள்ளையின் கையில் காசு கொடுக்கின்றோம். அக்காசு மாலையில் பரோட்டாவாகவும், பொட்டலத் தின்பண்டமாகவும், குளிர்பானமாகவும் மாறுகின்றது. 300 மில்லி அளவுள்ள கோலா வகைகள் பலவற்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. ஏழு தேக்கரண்டி என்று கொள்ளலாம். அன்பினால் கொடுத்த காசுதான். ஆயினும் விளைவு நன்றாயில்லை.

பருமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தல் கூடாது. வயது, உயரம், எடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு மருத்துவரே சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று எண்ணித் தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றனர். அது பெரும்பாலும் அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அடையாளமாக இருக்கலாம். உறக்கத்தில் பலத்த குறட்டை, பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மை ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. போடி அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி ஆலோசனை பெறுதல் நலம். வளரும் பிள்ளைகளில் பலருக்கு, எடை கூடாமல் நின்று உயரம் மட்டும் வளர்ந்தாலே போதுமானதாகும்.

மருத்துவர் அறிவுரை தந்தபின் வீட்டில் நிகழ்வது யாது? பிள்ளைக்கு மட்டும் பத்தியம். மற்றவர்க்கு வழக்கம்போல் விருந்து. இம்முறை பயன் தருவதில்லை என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் பிரவுனல், ஸ்டங்கார்டு முதலிய அறிஞர்கள், 12 முதல் 16 வயதுக்குட்பட்ட பருமனான 42 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, 16 வாரம் பயிற்சி அளித்து, முடிவை 1983-ல் வெளியிட்டனர். ஒரு பிரிவில் பிள்ளைகள் மட்டும் வந்தனர். இரண்டாவதில் தாயும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்தனர். மூன்றாவதில் தாய்மார் தனியாகவும் பிள்ளைகள் தனியாகவும் பயிற்சி பெற்றனர். மிகுந்த பயன் அடைந்தவர்கள் இம்மூன்றாம் பிரிவினரே. ஓராண்டு கழித்தும் அவர்களது எடைக்குறைவு நிலைத்தது. ஒன்றாக அமர்வதா, தனியாக அமர்வதா என்பதில் பிற்காலச் சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் இதிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் உண்டு. தாய்க்கும் பாடம் வேண்டும்; பிள்ளைக்குத் தன் மனத்தைத் திறந்து பேச ஓரிடமும் வேண்டும்.

எப்ஸ்டைன் என்னும் அறிஞர் இளம் பிள்ளைகளைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 1990-ல் எழுதினார். பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட வீடுகளின் பிள்ளைகள், பத்தாண்டு கழித்தும் முன்னிலும் குறைந்த பருமனோடு இருந்தனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2023-ல், குடும்பத்தோடு கூடிய பயிற்சியை மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் 26 மணி நேரமேனும் அளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு நாள் கண்டித்துப் பேசுவதால் தீரும் காரியமன்று இது.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை சில கூறுவோம்.

முதலாவது, உணவு முறை குடும்பத்துக்கே பொதுவாகட்டும். பிள்ளையின் தட்டில் சுண்டலை வைத்துவிட்டு, தந்தையார் எதிரில் அமர்ந்து பரோட்டா உண்டால், அங்கே சொல் தோற்று, செயலே வெல்லும். சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறியையும் மொச்சை, பயறு வகைகளையும் எல்லோருக்கும் கூட்டுங்கள். குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள்.

இரண்டாவது, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் தாத்தாவையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கூறியது அவர்கள் செவிக்கு எட்டாவிடில், பேரனுக்கு இரகசியமாக முறுக்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை புறப்படும் தாய், முதல் நாள் இரவே பயறு ஊறவைத்தால், மாலையில் அதனை அவித்துக் கொடுக்கப் பாட்டியால் இயலும்.

மூன்றாவது, பிள்ளையை நடக்கச் சொல்வதினும், பிள்ளையோடு நடப்பது மேல். இரவு உணவின்போது எல்லோருடைய கைப்பேசியும், தந்தையாருடையது உட்பட, ஓரமாக இருக்கட்டும். பருவ வயதினருக்கு எட்டு மணி நேர உறக்கமேனும் வேண்டும்.

நான்காவது, நாவடக்கம். விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் உடலைப் பரிகசிப்பதும், “இப்படி இருந்தால் உன்னை யார் கட்டுவார்?” என்று மகளைக் குத்திக் காட்டுவதும் கொடிது. அவ்வாறு புண்பட்ட பிள்ளை ஒளித்து உண்ணும். அல்லது உண்பதையே வெறுக்கும். இரண்டும் நோயில் முடியும். பிள்ளைகளின் மனம் சோர்ந்துபோக இடம் தரலாகாது என்று புனித பவுல் கொலோசை நகரத் தந்தையருக்கு எழுதியதை நினைவில் கொள்வோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தவக்கால ஒருசந்தியை உடல் மெலியும் வழியாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கக்கூடும். 18 வயது நிறைவுறாதவரைத் திருச்சபையின் ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. பட்டினியும், விளம்பரத்தில் காணும் மெலிவுப் பொடிகளும் வளரும் உடலுக்கு ஆகா.

தோட்ட வேலைக்குச் செல்லும் தாயிடம் நேரம் குறைவு என்பதை நாம் அறிவோம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டியதில்லை. இந்த ஞாயிறு குடும்பமாக அமர்ந்து, எதை முதலில் மாற்றலாம் என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள். அது சொல்லும் ஒன்றை வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரு மாதம் கடைப்பிடியுங்கள். தன்னைத் தண்டிக்கவில்லை, தனக்காக எல்லோரும் மாறுகின்றனர் என்று பிள்ளை உணரட்டும்.